பிள்ளைச்சாவடி வீட்டு லோடு ஷீட்

பாண்டிச்சேரியில் ஒரு வீட்டுக்குள் நோட்டும் பேனாவுமாக நுழைந்து, "ஃபேன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?" என்று கேட்டால் உண்மையான பதில் வராது. "எங்க சார், எப்பவாச்சும் போடுவோம்" என்பார்கள். அதைச் சொல்லும்போதே தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். கரண்ட் ஆபீஸ் ஆள் என்ற பயம் பாதி, சிக்கனமான குடும்பமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை பாதி. சோலார் போட ஆளை வரச் சொன்னதே அவர்கள்தான். இருந்தாலும் நோட்டைக் கண்டதும் வாய் தானாகக் குறைத்துச் சொல்லிவிடும். இந்தக் குறைச்சலான பதில்களைச் சரிபார்த்து, கூட்டிப் பெருக்கி, வீடுகளுக்கு எத்தனை பேட்டரி வேண்டும் என்று சொல்வதுதான் இருபத்தாறு வருஷம் என் வேலை.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். இப்போதெல்லாம் கரண்ட் பில்லை செல்போனில் படம் பிடித்துப் போட்டால் இத்தனை பேட்டரி என்று பதில் வந்துவிடுகிறதாம். அப்படியே இருக்கட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் கம்பெனியில் இருப்பவர்கள் பழைய முறையை எழுதித் தரும்படி மூன்று முறை கேட்டுவிட்டார்கள். முறையை மட்டும் எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அந்த முறையை நான் ஒரே ஒரு வீட்டில் மீறினேன். அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன். சேதராப்பட்டில் ஒரு பேட்டரி தொழிற்சாலையில் சில வருஷம் ஈயத் தகடு அடுக்கினேன். அங்கிருந்து லூர்துநாதன் நடத்திய சோலார் கம்பெனிக்கு வந்தேன். அதற்கு முந்தைய காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

லூர்துநாதனை எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சு ராணுவத்தில் மின்சாரப் பிரிவில் இருந்து திரும்பியவர். முழுக்கைச் சட்டை, மேல் பட்டன் வரை போட்டிருப்பார். பன்னிரண்டரைக்குக் கடையைச் சாத்திவிட்டு மூன்றரைக்குத் திறப்பார். இடையில் ஆளுநரே வந்து நின்றாலும் திறக்க மாட்டார். எங்களிடம் தமிழில் பேசுவார், எண்களைக் கூட்டும்போது மட்டும் வாய்க்குள் பிரெஞ்சு ஓடும். அந்த முணுமுணுப்பு நின்றால் கணக்கில் தப்பு கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். திட்ட மாட்டார். தப்பின் மேல் பென்சிலை வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு வீட்டுக் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுக் கேட்டார்: "கலியபெருமாளு, இந்த ஃபேனு நாலு மணி நேரம்னு யாரு சொன்னது?"

"அந்த வூட்டுக்காரம்மா சொன்னாங்க முசே."

"ஃபேனு என்னா சொல்லிச்சு?"

எனக்குப் புரியவில்லை. மறுநாள் என்னை அதே வீட்டுக்கு அழைத்துப்போய், ஸ்டூல் போட்டு ஏறச் சொன்னார். நாள் முழுக்க ஓடுகிற ஃபேனின் இறக்கையில், காற்றை வெட்டுகிற முன் ஓரத்தில் அழுக்கு கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும். ஓடாத ஃபேனில் தூசி மேலே சமமாக உட்கார்ந்திருக்கும். இந்த ஃபேனில் கோடு விரல் தடிமனுக்கு இருந்தது. சுவிட்ச் போர்டையும் காட்டினார். தினம் தொடுகிற சுவிட்சுகள் கறுத்துப்போயிருந்தன, மற்றவை வெள்ளையாக இருந்தன. நாலு மணி நேரத்தை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினேன்.

கணக்கு இவ்வளவுதான். ஒவ்வொரு சாமானுக்கும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பெருக்கி, மொத்தத்தைக் கூட்ட வேண்டும். இன்வெர்ட்டர் தின்பதற்குக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். வருவதை இரண்டால் பெருக்க வேண்டும், ஏனென்றால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் போய்விடும். பாதி வந்ததும் இன்வெர்ட்டர் கூவிவிட்டுத் தானாக நிற்கும்படி செட் செய்வோம். ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை வீட்டுக்குப் போகாமல் ஆர்டர் எடுக்கக் கூடாது, இரண்டாவது முறை சொல்லாமல் போக வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கணக்குத் தாளை, அதாவது லோடு ஷீட்டை, இன்வெர்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். வீட்டுக்காரர்கள் எதற்கெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும் என்பார் முசே. இந்தத் தாள்தான் பிள்ளைச்சாவடியில் என்னை மாட்டிவிட்டது.

அந்த வீடு கடலிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தது. வீட்டுக்காரர் ஏழுமலை, நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற வியாதி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தூங்கும்போது ஆக்சிஜன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த மெஷின் நின்றது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்கில் மாட்டுகிற ட்யூப் வழியாகத் தரும். கரண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும். மஸ்கட்டில் இருந்த மகன், எத்தனை பேட்டரி வேண்டுமோ போடுங்கள் என்று போனில் சொல்லியிருந்தான்.

முதல் முறை போனது ஒரு சாயங்காலம். ஏழுமலை அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அஞ்சலாட்சி அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மீன் வியாபாரம் செய்கிறவர், தயங்காத பேச்சு.

"ராத்திரி எட்டு மணிக்குப் படுப்பாரு தம்பி. நா காலைல நாலு மணிக்கு ஏலத்துக்குக் கெளம்புவேன். அதுவரைக்கும் போட்டுக்குவாரு. எட்டு மணி நேரம். பகல்ல அதும் பக்கமே போறதில்ல."

"ஆமா, தேவப்படல" என்றார் அண்ணன்.

மெஷின் முந்நூற்றைம்பது வாட், எட்டு மணி நேரம். ஒரு ஃபேன், இரண்டு லைட். நான்கு பெரிய பேட்டரி போதும் என்று வந்தது. அந்த மெஷினின் முகப்பில், அது வாங்கியதிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்று உண்டு. பழக்கதோஷத்தில் அந்த எண்ணையும் ஓரத்தில் குறித்துக்கொண்டு வந்தேன்: 2316.

ஒரு வாரம் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, சொல்லாமல் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. மெஷின் ஓடும் சத்தம் வாசலுக்கே கேட்டது. ஏழுமலை அண்ணன் மூக்கில் ட்யூபோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதைக் கழற்றப் போனவர், பாதியில் கையை எடுத்துவிட்டார். கழற்ற முடியவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. குனிந்து மீட்டரைப் பார்த்தேன். 2456. ஏழு நாளில் நூற்று நாற்பது மணி நேரம் ஓடியிருந்தது. ஒரு நாளைக்கு இருபது.

"அக்காவுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது. தெரியவும் வாணாம்." மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "தெரிஞ்சா நாளைக்கே கூடையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு ஏங்கிட்ட ஒக்காந்துக்குவா. சந்தையில நாலு பேருகிட்ட வாயாடிட்டு வந்தாத்தான் அவ அவளா இருப்பா. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினு இருந்தா எனக்கு முன்னாடி அவ பூடுவா."

"இருபது மணி நேரத்துக்கு எட்டு பேட்டரி வேணும்ணே. நாலு பத்தாது. ஏன் எட்டுன்னு அக்கா கேப்பாங்க இல்ல?"

"வேற எதுனா எழுது. நீ எழுதறத அவ என்னா கண்டா?"

டாக்டரிடம் போய்க் காட்டுங்கள் என்றேன். போகிறேன் என்றார். போக மாட்டார் என்பது எனக்குத் தெரியும். எழுந்து வந்திருக்கலாம். அல்லது அக்காவிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அந்த மனிதர் கெஞ்சுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரி எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாதா, எந்தப் பெயரில் எழுதினால் என்ன என்று நினைத்தேன். மெஷின் எட்டு மணி நேரம் என்றே விட்டுவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: மீன் வைக்கும் ஃப்ரீசர், முந்நூற்றைம்பது வாட், பன்னிரண்டு மணி நேரம். கணக்கு அச்சாக உட்கார்ந்தது. மீன் வியாபாரி வீட்டில் ஃப்ரீசர் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முசேயின் முணுமுணுப்பு அந்த வரியில் நின்றது. பென்சில் அதன்மேல் இறங்கியது.

"மெஷினும் முன்னூத்தம்பது, ஃப்ரீசர் பொட்டியும் முன்னூத்தம்பதா?"

"ஆமா முசே."

"பொட்டியப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். எட்டு பேட்டரியை இரும்புச் சட்டத்தில் அடுக்கினோம், மாடியில் பேனல் ஏற்றினோம், தாளைச் சுவரில் ஒட்டினோம். அக்கா எங்களுக்குக் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

நான்கு மாதம் கழித்து மழைக்காலத்தில் புயல் வந்தது. ஒரு நாள் விடியற்காலை போன கரண்ட் மறுநாளும் வரவில்லை. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அஞ்சலாட்சி அக்கா போன் செய்தார்.

"தம்பி, பேட்டரி மெஷினு கீ கீன்னு கத்துது. இன்னும் கொஞ்சத்துல நின்னுடும் போலக்குது. பொட்டியில இருவது கிலோ வஞ்சரம் கெடக்குது, கெட்டுப்பூடும். செத்த வந்து பாரேன்."

"எந்தப் பொட்டிக்கா?"

"ஃப்ரீசரு தான். நீதான எழுதி ஒட்டிட்டுப் போன? மவன்கிட்ட போன்ல காட்டனேன், அவன்தான் படிச்சு சொன்னான், பேட்டரியில பொட்டிக்கும் எடம் வுட்டுருக்காங்க, வாங்கிக்கம்மான்னு. போன மாசம் வாங்குனோம்."

ஏழுமலை அண்ணன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. எப்படிச் சொல்லியிருப்பார்? ஏன் என்று அக்கா கேட்டிருப்பார்.

"அண்ணன் எப்பிடி இருக்காரு?"

"குளிரா இருக்குதுன்னு சுருண்டு ஒக்காந்துருக்காரு. நேத்துலருந்து சந்த இல்ல, நா வூட்லதான் இருக்கேன்."

அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. புயல் என்பதால் அக்கா நேற்று முழுவதும் வீட்டில் இருந்திருக்கிறார். அக்கா வீட்டில் இருந்தால் பகலில் அண்ணன் ட்யூபை மாட்ட மாட்டார்.

மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஸ்கூட்டரை இரண்டு இடத்தில் தூக்கித் தாண்ட வைத்தேன். அரை மணி நேர வழிக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. வீட்டில் இன்வெர்ட்டர் கூவிக்கொண்டிருந்தது. ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் மெஷினின் ப்ளக் தரையில் கிடந்தது.

"பகல்ல அவருக்குத் தேவயில்லன்னு நாந்தான் புடுங்கி வச்சேன். பொட்டியாவது ஓடட்டும்னு" என்றார் அக்கா.

அண்ணன் போர்வைக்குள் முன்னால் குனிந்து, முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. விரல் நகங்களும். நான் ஃப்ரீசர் ப்ளக்கைப் பிடுங்கி, மெஷினைப் போட்டு, ட்யூபை அவர் மூக்கில் மாட்டினேன். அவர் தடுக்கவில்லை.

"என்னா தம்பி பண்ற? மீனு என்னா ஆவும்?"

"அக்கா, பொட்டிக்குக் கணக்கே போடல. அண்ணனுக்குத்தான் போட்டேன். பொட்டின்னு பொய்யா எழுதுனேன்."

இன்வெர்ட்டர் எந்த நிமிஷமும் நின்றுவிடும். பாதிக்குக் கீழே பேட்டரியில் இன்னும் பதினான்கு மணி நேரத்துக்கு மெஷினை ஓட்டும் அளவுக்கு இருந்தது. ஆனால் அதைத் தொட விடாமல் பூட்டி வைத்ததே நாங்கள்தான். முசேயைப் போனில் கூப்பிட்டு, அந்தப் பாதி அளவை இறக்கட்டுமா என்று கேட்டேன்.

"யாருக்கு?"

"மூச்சுக்கு முசே."

"எறக்கு. பேட்டரி போனா வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அளவை இறக்கினேன். கூவல் நின்றது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். மரத்தை வெட்டியதும் வருகிறோம் என்றார்கள்.

அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "எத்தினி மணி நேரம் போடறாரு?" என்று கேட்டார்.

"இருவதுக்கா."

ஏலத்தில் நின்று பழகியவர், விரல் விடாமலே கணக்குப் போடுவார். "ராத்திரி எட்டு. நா சந்தைக்குப் போற பத்து. பதினெட்டு ஆச்சு. மீதி ரெண்டு?" அண்ணன் பக்கம் திரும்பினார். "சாயந்திரம் கோயிலாண்ட போயி ஒக்காந்துட்டு வருவனே, அதுவா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ மீதி நாலு மணி நேரம். ஏங்கூட இருக்கற நாலு மணி நேரந்தான் மூச்சு இல்லாம இருந்துருக்க."

அக்கா அழவில்லை. அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் ஊன்றியிருந்த கையைப் பிடித்துக்கொண்டார். நான் இன்வெர்ட்டரைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன். ஒரு வீட்டில் நின்றுகொண்டு நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். நான்கு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அதுவரை மெஷின் நிற்கவில்லை.

மறுநாள் முசேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்றே நினைத்தேன். கேட்டுவிட்டுப் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: "பொய் எழுதறதுன்னா யாரும் கடையில வாங்க முடியாத சாமானா பாத்து எழுதியிருக்கணும்." அப்புறம், "கையெழுத்துப் போட்டவன் நானு. பொட்டி இல்லன்னு அன்னிக்கே தெரியும்" என்றார். அதற்குப் பிறகு இதைப் பற்றி அவர் பேசவில்லை. அந்த எட்டு பேட்டரியில் மூன்று சாகும் நிலைக்கு வந்திருந்தன. கம்பெனியே மாற்றிக் கொடுத்தது.

ஏழுமலை அண்ணன் ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். புதுக் கணக்கு எடுக்க நானே போனேன். அக்கா சந்தைக்குப் போவதை விட்டுவிட்டார். ஆனால் கூடை பரணுக்குப் போகவில்லை. ஃப்ரீசரைக் கரண்ட் ஆபீஸ் லைனில் தனியாகப் போட்டு வாசலில் வைத்து, வீட்டு முன்னாலேயே வியாபாரம். தெருப் பெண்கள் நான்கைந்து பேர் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், அக்காவின் வாய் சந்தையில் இருந்த மாதிரியேதான் இருந்தது. அண்ணன் கதவோரம் நாற்காலியில் இருந்தார். மூக்கில் ட்யூப்.

நோட்டைத் திறந்தேன். முறைப்படி நான் மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. "அண்ணே, ஒரு நாளைக்கு எத்தினி மணி நேரம்?" என்று கேட்டேன்.

பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ட்யூபைத் தொடவில்லை.

"இருவத்திநாலுன்னு எழுது தம்பி" என்றார்.

எழுதினேன். அஞ்சலாட்சி அக்கா அறுத்துக்கொண்டிருந்த மீனைப் பாதியில் விட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். வெகு நேரம் வெளியே வரவில்லை. வாசலில் நின்ற பெண்களுக்கு அன்றைக்கு நான்தான் மீனை நிறுத்துக் கொடுத்தேன்.